லிஃப்ட் வேலை செய்யவில்லை

பதினாறு படி ஏறியதும் மூவரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

ஐந்து நிமிடம். மருந்துக்கடைக்காரி கை விரல்களை விரித்துக் காட்டிக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கடல் மட்டத்தில் வளர்ந்த நுரையீரல்களுக்கு இந்த மலை நகரம் புதுசு. ஒவ்வொரு மாடியிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைக்க வேண்டும்.

இவர்கள் அறையோ விடுதியின் மூன்றாவது மாடியில். அந்த மாடியில் இவர்களைத் தவிர ஈ காக்கை இல்லை.

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ற மனுஷன்... இதை ஒரு பார்வை பாத்தா... கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மனைவி. அதற்குள் அவளுக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது.

"வெளிநாட்டு லிஃப்ட்டும்மா. கை வச்சா கேஸ் போட்டுருவான்" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

பச்சைப் பொய்.

வந்த அன்று லிஃப்ட் ஓடியது. மூவரும் ஏறினார்கள். மகள் செல்போனைப் பார்த்தாள், அவர் மாடி எண்ணைப் பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை லிஃப்ட் நின்றுவிட்டது. கதவு பாதி மூடி மறுபடி திறந்துகொண்டது. கதவோரத்துச் சென்சார் கண்ணில் தூசி என்று பத்தடி தூரத்திலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். மாலையில் விடுதிக்காரனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று படியேறினார்.

ஏறிய முதல் மாடியிலேயே அதிசயம் நடந்தது.

ராத்திரி பகல் பாராமல் லிஃப்டுகளின் பின்னால் ஓடிய அப்பா அவர். "அம்மா, அப்பாகிட்ட சொல்லிடு" என்றே வளர்ந்த மகள் அவள். ஆனால் இங்கே அம்மாவுக்குத் தூது போக மூச்சு இல்லை. வேறு வழியில்லாமல் மகள் நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

பேசிக்கொண்டே இருந்தாள். அதனால் அவர் விடுதிக்காரனிடம் மூச்சு விடவில்லை.

இன்றோடு நான்கு நாள். நாளை மறுநாள் அவளைக் கல்லூரி ஹாஸ்டலில் விட்டுவிட்டு இவர்கள் இருவரும் விமானம் ஏற வேண்டும்.

"ஏம்ப்பா, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க உங்களைப் பாத்ததும் முதல்ல என்ன சொல்வாங்க?"

"தேங்க்ஸ்லாம் சொல்ல மாட்டாங்க குட்டி. பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேப்பாங்க. ஒரு கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளையே மாட்டிக்கிட்டாரு, பாரு..."

மகள் சிரித்ததில் இளைத்துப்போய் அவர் தோளில் சாய்ந்தாள். கடைசியாக அந்தத் தோளில் சாய்ந்தபோது அவளுக்கு முன்பல் இரண்டும் இல்லை.

அப்போதுதான் கம்பி வழியே கீழே பார்த்தார். துப்புரவுக்காரப் பெண் ஈரத் துணியோடு லிஃப்டை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைத் துடைத்தாள். பொத்தான்களைத் துடைத்தாள். 'போதும் தாயே, போயிடு' என்று அவர் மனசுக்குள் கெஞ்சினார். அவள் கதவோரத்துக்கு வந்தாள். மிளகளவு கறுப்பாக எதையோ நகத்தால் சுரண்டி உதறினாள்.

கதவு வழுக்கிக்கொண்டு போய் மூடியது.

விடுதிக்காரன் கைதட்டினான். அண்ணாந்து, வாங்க வாங்க என்று சைகை காட்டினான். மகள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"ஐயோ, குடையைக் கீழயே விட்டுட்டேன்! நீங்க பேசிட்டிருங்க, இதோ வந்துடறேன்." மனைவி கைப்பையை இடுக்கிக்கொண்டு மளமளவென்று இறங்கினாள்.

மகள் மறுபடி உட்கார்ந்தாள். "சரி, அந்த மாப்பிள்ளை என்னப்பா ஆனாரு?"

மாப்பிள்ளையின் வேட்டி கதவில் சிக்கிய இடத்துக்குக் கதை வந்தபோது கீழேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பாதி மூடி, நின்று, மறுபடி திறக்கும் சத்தம்.

எட்டிப் பார்த்தார். விடுதிக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"குடை ரூம்லயேதான் இருக்கு போலிருக்கு. லிஃப்ட் மறுபடி படுத்துடுச்சு, என்ன கட்டடமோ கண்றாவி!" என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே மேலே வந்தாள் மனைவி. உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தவள்போல் இளைக்கத் தொடங்கினாள்.

அவள் கைப்பை பாதி திறந்திருந்தது. அதிலிருந்து கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக் மகள் பார்க்காதபோது அதை உள்ளே தள்ளி, சத்தமில்லாமல் ஜிப்பை இழுத்து மூடினார்.