காற்று நிற்கவில்லை

"அண்ணே, அவர்கிட்ட கேளுங்க. இன்னிக்கு என்ன கோளாறாம் வண்டிக்கு?"

"ஓட்டினது அவங்கதானே அண்ணே? அவங்களுக்குத் தெரியாதாமா?"

கணவனும் மனைவியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார்கள். ஆனாலும் ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு மெக்கானிக் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். பல மாதமாக இந்தத் தபால்காரர் உத்தியோகம் பார்த்து மெக்கானிக் அலுத்துப் போயிருந்தார்.

ரேஸ் டிராக்கிலிருந்து இழுத்து வந்த காரின் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் மறுபடியும் கழன்று தொங்கியது. அதைப் பிடித்திருக்க வேண்டிய கிளாம்ப் தொளதொளவென்று கிடந்தது. காலையில் அவரே முறுக்கியது. முறுக்கிவிட்டு ஆட்டியும் பார்த்தது.

"ஹோஸ்தான். காத்து நிக்கல. காத்து நிக்கலன்னா டர்போ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன!"

ஒரு காலத்தில் ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போய் வந்த சாதாரண டர்போ கார்தான் அது. இருவரும் சேர்ந்து சம்பாதித்து வாங்கியது. சேர்ந்தேதான் அதை ரேஸ் காராக்க ஆசைப்பட்டார்கள். பின் சீட்டைப் பிடுங்கினார்கள், கார்ப்பெட்டை உரித்தார்கள், ஏசியைக் கழற்றினார்கள். கவிழ்ந்தாலும் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி வெல்டிங் வைத்தார்கள். பெரிய டர்போ, பெரிய பிரேக் எல்லாம் வந்தன. கார் இளைக்க இளைக்க இவர்களுக்குள் மனஸ்தாபம் பெருத்தது. எந்தச் சண்டை எதில் ஆரம்பித்தது என்று கேட்டால் இருவருமே முழிப்பார்கள்.

கடைசியில் பிரிந்துவிடுவது என்று முடிவானது. அரைகுறைக் காரை யார் வாங்குவார்கள்? வேலையை முடித்து, விற்று, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு அவரவர் வழியில் போவதாகப் பேச்சு. வாங்குவதற்கு ஒரு ரேஸ் கம்பெனிக்காரரும் தயார். டிராக்கில் மக்கர் பண்ணாமல் ஓட்டிக் காட்டினால் போதும்.

அதுதான் நடப்பேனா என்றது. ஒரு தடவை ஹோஸ் கழன்றது. அடுத்த தடவை ஹோஸ் கெட்டியாக இருந்தது, காற்றை அளந்து சொல்லும் சென்சார் பிளக் சொருகாமல் கிடந்தது. கார் ஆமையாக ஊர்ந்தது. பிறகு மறுபடி ஹோஸ், மறுபடி பிளக்.

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்கண்ணே. இந்தத் தொல்லை விட்டா போதும் எனக்கு" என்றாள் அவள்.

"எனக்கும் அதேதான்னு சொல்லுங்கண்ணே."

"நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போற ஒரே விஷயம் இதுதான்" என்ற மெக்கானிக்குக்கே சிரிப்பு வரவில்லை.

வாழ்நாளெல்லாம் ஸ்பேனர் பிடித்த கை. இவர் முறுக்கிய நட்டு கழன்றதாக ஒருத்தர் வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது தொட்டதெல்லாம் கழல்கிறது. வீட்டில் வேறு, சாவியை எங்கே வைத்தோம் என்று தேடாத நாள் இல்லை.

பழைய துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேற இடம் பாத்துக்குங்கம்மா. நான் பட்டறையை மூடப் போறேன்."

"என்னண்ணே திடீர்னு?"

"என் கை போயிடுச்சு. முறுக்கிட்டேன்னு நினைக்கிறேன், முறுக்கல. சொருகிட்டேன்னு நினைக்கிறேன், சொருகல. இன்னிக்கு ஹோஸை மறந்தவன் நாளைக்கு பிரேக்கை மறந்தா? அவ்வளவு வேகத்துல போற புள்ள நீ. உன் உயிருக்கு யாரும்மா பதில் சொல்றது?"

மெக்கானிக் பின்னறைக்குப் போய் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கணவன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான்.

"அண்ணே, உங்க கைக்கு ஒண்ணும் ஆகல."

"ஆறுதல் சொல்லாதீங்க தம்பி."

"ஆறுதல் இல்லண்ணே. கிளாம்பை லூஸ் பண்ணது நான்தான்."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி நல்லா ஓடினா வித்துருவோம். வித்துட்டா அவ கிளம்பிடுவா. போகாதேன்னு அவ முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. ஹோஸ் கழண்டா வேகம் குறையும், மத்தபடி ஓட்டுறவங்களுக்கு ஆபத்தில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மெக்கானிக்குக்குக் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. தன் இரண்டு கைகளையும் ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அடப்பாவி! ஒரு மனுஷனைப் பைத்தியக்காரனாக்கப் பாத்தியே! வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுறதுக்கு வக்கில்லாம என் பொழப்புல மண்ணைப் போட்டிருக்கியே!"

"தப்புதாண்ணே. மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கிறது அப்புறம். கிளாம்பு சரி, ஒரு ஸ்க்ரூதான். அந்த சென்சார் பிளக் இருக்கிற இடுக்குல கையை விட்டா தோல் உரிஞ்சு போகுமே. அதை எப்படிய்யா ஒவ்வொரு தடவையும் கழட்டினே?"

"பிளக்கா?" கணவன் விழித்தான். "சத்தியமா அதை நான் தொட்டதே இல்லண்ணே."

கதவு மெல்லத் திறந்தது. புறங்கையெல்லாம் சிராய்ப்போடு அவள் நின்றிருந்தாள்.

"அது நான்தாங்க" என்றாள், கணவனைப் பார்த்து.