மெக்குக்குச் சொல்லாமல் விட்டது

வேல்ஸ் மலைச்சரிவில் ஜூலை வெயில். ஆடுகளை வளைத்து ஓட்டிக்கொண்டிருந்த இளநாய் டாஃபுக்கு நாக்கு தொங்கிவிட்டது.

"உன்ன மாதிரியே இதுக்கும் தானா நிறுத்தத் தெரியாது, ஓடியே செத்துரும். கூப்பிடு," என்றான் க்விலிம்.

"போதும், வாடா!" என்று கத்தினாள் அவன் மனைவி நெரிஸ். டாஃப் ஓடிவந்து ஓடையில் படுத்துக்கொண்டது.

மேலே ஆடுகள் நிற்கவில்லை. பின்னால் யாருமே இல்லாமல், சிதறாமல் இறங்கிவந்து பட்டிக்குள் நுழைந்தன.

க்விலிம் தொப்பியைக் கழற்றினான். "போன மாசம் ஆடு ஓட்டிட்டிருக்கும்போதே விழுந்து செத்துச்சே நம்ம கிழட்டு நாய் மெக், அதுக்கு 'போதும்'னு சொன்னியா?"

"நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்."

நெரிஸ் பட்டிக் கதவைச் சாத்தினாள். மலையைப் பார்த்து, "போதும் மெக், வாம்மா," என்றாள்.

ஓடையில் தண்ணீர் சளக்கென்று தெறித்தது. டாஃப் வாலை ஆட்டியபடி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.