விரல் நகம் அளவு

கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய தாளைப் பரிமளம் வாங்கவில்லை.

விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. டாக்டர் கஜேந்திரன் பொறுமைசாலிதான். ஆனாலும் அந்தப் பதுளை ஆஸ்பத்திரி வார்டில் அவருக்காக இன்னும் பதினொரு கட்டில்கள் காத்திருந்தன.

பயப்படுகிறாள் என்று நினைத்து மறுபடியும் விளக்கினார். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் சவ்வு பிதுங்கி, கால் நரம்பை நசுக்குகிறது. முன்பென்றால் முதுகை நீளமாகக் கிழிக்க வேண்டும். இப்போது விரல் நகம் அளவுக்கு ஒரு துளை போதும். அதற்குள் குழாயை விட்டுப் பிதுங்கியதை எடுத்துவிடலாம். மறுநாளே எழுந்து நடக்கலாம்.

அவர் துளையைச் சின்னதாக்கச் சின்னதாக்கப் பரிமளத்தின் முகம் இருண்டுகொண்டே போனது.

ஹாலிஎலைக்கு மேலே இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து சுமந்த முதுகு அது. எட்டு மாதமாக இடது காலை ஊன்ற முடியவில்லை. உட்கார்ந்தால் நெருப்பு, படுத்தால் நெருப்பு. இந்த வலி தொலைய வேண்டுமென்று அவள் வேண்டாத சாமியில்லை.

"கொஞ்சம் பெருசா வெட்டுங்கய்யா" என்றாள் கடைசியில்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாதி சுபாஜினி சிரிக்கவில்லை. அவளும் தோட்டத்தில் பிறந்தவள்தான். கட்டில் ஓரமாக உட்கார்ந்து காரணம் கேட்டாள்.

பரிமளம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதித் தரும் சீட்டு ஆபீஸில் தூங்கும். காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது எல்லோரும் பார்ப்பது தழும்பைத்தான். கூடக் கொழுந்தெடுத்த பெரியாயிக்கு முதுகில் ஒரு சாண் தழும்பு. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டார்கள்.

சிவசக்தி அப்படியில்லை. போன வருடம் பித்தப்பையைத் துளை போட்டு எடுத்துவிட்டு வந்தவள். பெரட்டில் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்து, இது கொசு கடித்த தழும்பு என்று ஒரு குரல். கூட்டமே சிரித்தது. கங்காணியும் சிரித்தபடியே அவளை மேல்மலைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் கொழுந்துச் சாக்கோடு தேயிலை நிரைக்குள் விழுந்தாள், பாவி. பிறகு எழுந்திருக்கவேயில்லை.

சுபாஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. "பச்ச ஒடம்புக்காரிகிட்ட அப்புடிச் சொல்ல யாருக்குக்கா மனசு வந்துச்சு?"

பரிமளம் கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

சிவசக்தி பெரட்டுக்குத் திரும்பி வந்த அன்றைக்கு நல்ல குளிர். விடியற்காலை மழையில் நனைந்து எல்லோரும் உம்மென்று நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைப்போமே என்றுதான் பரிமளம் சிவசக்தியின் சட்டையைத் தூக்கினாள்.