குழந்தைகள் பேக்

சேனல் பட்டியலில் ஒவ்வொரு வரியாகப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார் அவர்.

நெட்டும் டிவியும் சேர்ந்த ஒரு வருட பிளான் நாளையோடு முடிகிறது. புதிதாகப் போடுவதற்குள் பாதியாவது குறைத்துவிட வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த ஜெபராஜ் சோபா நுனியில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லத் தன் போனில் நீக்கிக்கொண்டிருந்தான்.

இந்திப் படங்கள். வேண்டாம்.

வசுமதி பார்க்கும் சீரியல் சேனல். வேண்டாம்.

நெட் வேகம் பாதி போதும். இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு?

குழந்தைகள் பேக். பொம்மைப் பட சேனல்கள்.

பேனா நின்றது.

இந்த வீட்டில் குழந்தை கிடையாது. கேட்காததை எல்லாம் தலையில் கட்டிவிட்டுக் காசு பிடுங்குகிறார்கள். இப்படி ஏதாவது இருக்கும் என்று அவர் முதலிலேயே நினைத்தார்.

"இதை யாருப்பா சேர்த்தது?"

"அம்மாதான் சார் போன் பண்ணிச் சேர்க்கச் சொன்னாங்க. ஏழெட்டு மாசம் இருக்கும்."

அவர் நம்பவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

வசுமதி ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அது இருந்துட்டுப் போகட்டுங்க. வேற எதையாவது எடுங்க."

சீரியலை அடித்தபோது உள்ளேயிருந்து கேட்டும் வாய் திறக்காதவள்.

அவர் சந்தேகம் கம்பெனியை விட்டு இறங்கி, மெல்ல நிலைப்படி பக்கம் நகர்ந்தது.

கொஞ்ச நாளாகவே ஒரு நெருடல். வெள்ளிக்கிழமை மில்லிலிருந்து வந்தால் ரிமோட் பிசுபிசுக்கும். சோபா உறை துவைத்துக் காயும். அன்றைக்கு மட்டும் அவள் முகத்தில் ஒரு தெளிவு. கேட்டால், ஒன்றுமில்லை என்பாள்.

எதை மறைக்கிறாள்?

ஜெபராஜ் சிரித்தான்.

"அதை மட்டும் எடுத்துறாதீங்க சார். போன மாசம் லைன் போச்சுன்னு ஒருநாள் மத்தியானம் வந்தேன். பொம்மைப் படம் வரலைன்னு பாப்பா உருண்டு புரண்டு அழுகை. அந்த அக்காவால சமாளிக்கவே முடியல."

வசுமதி நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அக்கா.

இளவேனில்.

விரும்பியவனைக் கட்டிக்கொண்டு மகள் வந்து நின்ற அன்று, இந்த வாசலை இனி மிதிக்கக் கூடாது என்றவர் அவர்தான். மூன்று வருடம் ஆகிறது. குழந்தை பிறந்ததாக யாரோ சொல்லக் காதில் விழுந்தது. என்ன குழந்தை என்று அவர் கேட்கவில்லை. அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியமும் இல்லை.

பாப்பா.

பெண்.

வசுமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடி விழுவதற்குக் காத்திருப்பவள் போல.

"நடக்குதா?" என்றார்.

"என்ன சார்?"

"பாப்பா. நடக்குதா?"

"ஓடுது சார்."

அவர் தலையாட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, தான் பார்க்கும் ஒரே சேனலான கிரிக்கெட்டை அடித்தார்.

"இவ்வளவு போதும். மத்தது இருக்கட்டும்."

ஜெபராஜ் ரசீதைக் கொடுத்துவிட்டுப் போனான். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

அவர் வசுமதி பக்கம் திரும்பினார்.

"வர்ற வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு போடலாம்னு இருக்கேன்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். இப்போது சந்தேகம் அவள் கண்ணில் இருந்தது. மகளுக்கு எப்போது போன் செய்து வர வேண்டாம் என்று சொல்வது என்கிற பதற்றமும்.

அவர் ரசீதை நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அன்னைக்குக் குழம்புல காரம் கம்மியாப் போடு," என்றார்.