பூசைக்கு வைத்த மெஷின்

சர்க்கரை இருநூற்றெண்பதைத் தொட்டதும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த தமிழ்வாணிக்கு நடக்க நேரம் ஏது? வீட்டிலேயே நின்றபடி மிதிக்கும் எலிப்டிக்கல் மெஷினைக் கடையில் விசாரித்தாள். அவளுடைய இரண்டு மாதச் சம்பளம் சொன்னார்கள். கடைசியில் செல்லூரில் தறி வைத்திருந்த ராஜாராம் வீட்டில் பழையது ஒன்று பாதி விலைக்கும் கீழே கிடைத்தது.

"வாங்குன மாசமே சர்க்கரையில இடது பாதத்தை எடுத்துட்டாகம்மா. மெஷின் நல்லா ஓடும், கொண்டு போங்க" என்றார் அவர், நாற்காலியை விட்டு எழாமல்.

நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ராத்திரி விட்ட இடத்திலிருந்து காலையில் மீட்டர் மூன்று கிலோமீட்டர் கூடியிருக்கும்.

"இம்புட்டு மலிவா வாங்கிட்டு மீட்டரும் சரியா இருக்கணும்னா எப்படி?" என்றான் கணவன் அருண்பாண்டி.

ஆயுதபூசையன்று கிரைண்டர், ஸ்கூட்டரோடு மெஷினையும் துடைத்துக் குங்குமம் வைத்தாள். மிச்சச் சந்தனத்தை மிதிகட்டைகள் இரண்டிலும் வழித்துப் பூசினாள். பூசைக்கு வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது. அன்று அவளும் ஏறவில்லை.

காலையில் மீட்டர் வழக்கம்போல மூன்று கூடியிருந்தது. வலது மிதிகட்டையில் சந்தனம் பூசியது பூசியபடி காய்ந்திருந்தது. இடதில் ஒரு பாதம் பதிந்திருந்தது. அருண்பாண்டி தன் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவனுடையது சிறியது.

பதிந்திருந்த பாதத்தில் ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன.