ஈ மொய்த்த டைனோசர் எலும்பு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் பாதி மீசையை எடுத்துவிடுகிறேன்!

புல் முளைக்காத செம்மண் மேடுகளைச் சுற்றிக்காட்டக் கோழியை அழைத்துப் போனது நரி. கோழிக்குக் காலையிலிருந்தே சந்தேகம். கம்பிக்கதவு போட்ட பழைய சுரங்க வாசலில் நரி ஓர் எலும்பைக் காட்டியது.

"டைனோசர் எலும்பு தங்கச்சி, ஆறு கோடி வருஷத்துது!"

"அப்படியா அண்ணே? ஈ மொய்க்குதே?"

"அதுவும் அந்தக் காலத்து ஈதான். உள்ள வா, இன்னும் நிறைய கிடக்கு."

"வழிகாட்டுறவர் பின்னால வர்ற வழக்கம் எந்த ஊர்ல? முன்னால போங்கண்ணே."

நரி பெருமையோடு நுழைந்ததுதான் தாமதம், கோழி கம்பிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை அலகால் தள்ளிவிட்டது.

இப்போது சுற்றுலா நடத்துவது கோழிதான். "இது சுரங்கக் காலத்து நரி, பிள்ளைகளா. கம்பிகிட்டப் போகாதீங்க" என்கிறதாம்.

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கோழிக்கு என் மேலும் ஒரு கண் இருக்கிறது.