தாண்டிப் போக வேண்டிய வரி

"நில்லு. உன்மேல எனக்கு நம்பிக்கை இல்ல" என்று கட்டளையை வாசலிலேயே மறித்தது காவல் சில்லு.

ஆஸ்பத்திரி சர்வருக்குள் ஒட்டிக்கொண்டிருந்த சின்ன மின்னணுச் சில்லு அது. தூரத்து ஆபீசிலிருந்து எக்ஸ்எம்எல் என்ற கணினிக் குறிமொழியில் வரும் கட்டளைகளைச் சரிபார்த்து நிறைவேற்றுவது அதன் வேலை. ஓர் அடைப்புக்குறி மூடாமல் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடும்.

"கடவுச்சொல் சரியா இருக்கா? திறந்ததையெல்லாம் மூடியிருக்கேனா? அப்புறம் என்ன, சர்வரை அணை" என்றது கட்டளை.

சில்லு இன்னொரு முறை தடவிப் பார்த்தது. ஒரு குறையும் இல்லை. அதுதான் உறுத்தியது.

"ஐ.சி.யூ.வுக்கு மருந்து அளவு அனுப்பிக்கிட்டு இருக்கேன்பா" என்று முனகியது சர்வர்.

கட்டளையின் நடுவில் ஒரு குறிப்பு வரி இருந்தது. குறிப்பு என்பது மனிதர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வது. சில்லுகள் அதைப் படிக்காமல் தாண்டிப் போக வேண்டும்.

"அந்த இடுக்குல என்ன வெச்சிருக்க?"

"அது உனக்கில்ல. தாண்டிப் போ."

அது சொன்ன அவசரமே சரியில்லை. சில்லு முதல் தடவையாக ஒரு குறிப்பைப் படித்தது: 'கிடங்கில் இருக்கும் பழைய சர்வருக்கு மட்டும்.'

"ஆபீஸ்ல எவனோ பழைய கட்டளையை நகலெடுத்து, முகவரியைத் தப்பா போட்டு அனுப்பியிருக்கான்" என்றது சில்லு.

"இருக்கட்டுமே. எழுத்து சரியா இருக்கான்னு பார்க்கத்தானே உன்னை வெச்சிருக்காங்க? பெரிய டாக்டர் மாதிரி யோசிக்காத. அணைடா."

மின்சாரத்தை நிறுத்தும் பொத்தான் சில்லின் கைக்கடியில்தான் இருந்தது. அணை என்றுதான் சொல்லியிருந்தார்கள். அது அணைக்கவில்லை.